விரல் மங்குகிற டேப்லெட்

ஜூன் 4

வாயாடிக்கு அண்ணி எழுதுவது.

உன் கடிதம் வந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி கிடையாது. "டேப்லெட் வாங்குங்க, மலிவா இருந்தாலும் பரவாயில்லை" என்று எழுதி, கீழே கோடு வேறு போட்டிருக்கிறாய். காது கேட்காத, வாய் பேசாத தங்கச்சிக்கு உன் அண்ணன் வாயாடி என்று பெயர் வைத்தாரே, தெரிந்துதான் வைத்திருக்கிறார். ஒரே வரியில் ஆளைத் தெருவுக்கு விரட்டுகிறாய்.

போனேன். எப்படியும் எங்காவது போகத்தானே வேண்டும். சலவைக் கூடத்தில் வேலை முடிந்தால் வீட்டுக்கு வரப் பிடிக்கவில்லை. வந்தால் உட்காரப் பிடிக்கவில்லை. கழுவின பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவுகிறேன். அவர் போன பிறகு இந்த வீட்டில் எனக்கு உட்கார ஒரு இடம் அமையவில்லை.

கடையில் ஒரு பையன், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு ஓடி வந்தான். கண்ணாடி மேசையில் வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி கறுப்புப் பலகை. "இது ஆரம்ப மாடல்க்கா. படம் பார்க்கலாம், பாட்டு கேட்கலாம், பசங்க கேம் ஆடலாம்" என்றான்.

"பசங்க இல்லப்பா. இதுல கை தெரியுமா?"

"கையா? கையால தொட்டா வேலை செய்யும்க்கா."

"தொடுறது இல்ல. எதிராளி கைய ஆட்டினா விரல் விரலா தெரியுமான்னு கேக்குறேன்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "கேமரா இருக்குக்கா, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு" என்றான். அதற்கு மேல் அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. வாங்காமல் வந்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நீயும் உன் அண்ணனும் தினமும் சாயங்காலம் போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு கையை ஆட்டுவீர்கள். "என்ன, ரெண்டு பேரும் கொசு அடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு நான் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். உங்கள் கைப்பேச்சில் எனக்கு ஒரு சொல் தெரியாது. அவர் போன் அவரோடு மாடிப்படியில் விழுந்து நொறுங்கிவிட்டது. என் பட்டன் போனுக்கு நீ தமிழில் செய்தி அனுப்பினால் கட்டம் கட்டமாகத்தான் வருகிறது. அதனால் கடிதம். கடிதமே போதாதா? பெரிய பலகை வாங்கி அதில் நான் உன்னோடு என்ன செய்வேன்?

அண்ணி.


ஜூன் 11

அண்ணிக்கு,

நலமா? சாப்பிட்டீர்களா? போதுமா?

படம் பார்க்கவா வாங்கச் சொன்னேன்? பேச வாங்கச் சொன்னேன். கடிதம் போதாது. நான் இன்று கோபப்பட்டால் அது உங்களுக்கு அடுத்த வாரம்தான் வந்து சேர்கிறது. அதற்குள் எனக்கே மறந்துவிடுகிறது.

எங்கள் கைப்பேச்சு வேறு, பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிற கைப்பேச்சு வேறு. பள்ளிக்கூடத்துப் பேச்சை நான் வளர்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். இந்த பாட்டில் கம்பெனியில் அது தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு பேசுகிறேன். இயந்திரச் சத்தத்தில் இங்கே எல்லோருமே செவிடு. எனக்கு மட்டும்தான் அது பழக்கம். ஆனால் நம் வீட்டுப் பேச்சு அது இல்லை. அதை நானும் அண்ணனும் தரையில் உட்கார்ந்து நாங்களே செய்துகொண்டோம். உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். இப்போது ஒருத்திக்குத் தெரியும்.

அறையில் தனியாக இருக்கும்போது என் கை தானாகப் பேசுகிறது. வீட்டுக்கார அம்மா கதவிடுக்கில் பார்த்துவிட்டு, "ஜுரமா?" என்று தாளில் எழுதிக் காட்டினார்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அன்றைக்குக் காலையில் என் மேலங்கிப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்தேன். உங்கள் நம்பர். பச்சையைத் தொட்டுவிட்டு முகத்துக்கு முன்னால் பிடித்தேன். முகம் வரவில்லை. கறுப்பாக இருந்தது. ஏதோ கைபட்டுப் போட்டுவிட்டீர்கள் என்று நினைத்து அப்படியே பையில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன். பிறகு மாமா நம்பர், பெரியம்மா நம்பர். எல்லோரும் அடித்தார்கள். காது கேட்காதவளுக்கு எல்லோரும் போன் அடித்தீர்கள். எழுதி அனுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்கள் மேல்வீட்டு டீச்சர் சாயங்காலம் நாலு வரி அனுப்பினார். நான் வந்து சேர்ந்தபோது வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தது.

அந்தப் போனில் என்ன சொன்னீர்கள், அண்ணி? யாரிடம் சொன்னீர்கள்?

டேப்லெட் வாங்குங்கள். எதுவாக இருந்தாலும் சரி.


ஜூன் 17

வாயாடிக்கு,

உன் கடிதத்தைக் கூடத்திலேயே பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. விரிப்பு மடிக்கிற வேலையில் ஆளுக்கு ஒரு முனை பிடிக்க வேண்டும். என் முனையை விட்டுவிட்டேன். என் ஜோடிக்காரி, "ஏண்டி, பேய் பிடிச்சிருக்கா?" என்று கத்தினாள்.

என்ன சொன்னேன் என்று கேட்கிறாய். சொல்கிறேன். "வாயாடி, உடனே வா. உங்க அண்ணன் படியில விழுந்துட்டார், எழுந்திருக்க மாட்டேங்கிறார், நான் கூப்பிடுறது அவருக்குக் கேக்கல" என்று சொன்னேன். நீ எடுத்துவிட்டாய். துண்டிக்கவில்லை. அந்தப் பக்கம் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்றே நினைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். உனக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தெரியும். அன்றைக்கு அது என் புத்தியில் இல்லை. உன் பெயர்தான் இருந்தது. அவருக்கு ஒன்று என்றால் உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது மட்டும் இருந்தது.

இதற்கு மேல் என்னைத் திட்ட வேண்டுமானால் நேரில் வந்து திட்டு. கடிதத்தில் திட்டினால் நான் மறுபடி மறுபடி படிக்கிறேன்.

டேப்லெட் விஷயம். மேல்வீட்டு டீச்சர் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க அதே மலிவு ரகம் ஒன்று வைத்திருக்கிறார். ஒரு சாயங்காலம் இரவல் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "திரை பெருசு, அது ஒண்ணுதான் நல்லது. சார்ஜ் நாள் பூரா நிக்குது. ஆனா ஒண்ணைத் திறந்தா இன்னொண்ணு மூடிக்கும். கொஞ்சம் படம் சேர்ந்தா இடம் இல்லைன்னு அழும். அவசரத்துக்கு இது ஆகாதும்மா. பொறுமை இருக்கிறவங்களுக்குத்தான்."

நான் அதை மேசையில் நிறுத்தி, என் முகம் தெரிகிற பக்கம் திருப்பி, டியூப்லைட்டுக்குக் கீழே கையை ஆட்டிப் பார்த்தேன். முகம் நன்றாகத் தெரிந்தது. எவ்வளவு இளைத்துவிட்டேன் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கை தெரியவில்லை. ஆட்டாமல் வைத்திருந்தால் கை. ஆட்டினால் புகை. ஈரத் துணியில் மை பட்ட மாதிரி விரலெல்லாம் ஒன்றோடொன்று கரைந்துவிட்டது. டீச்சர் பார்த்துவிட்டு, "மலிவுல கேமரா அப்படித்தான். வெளிச்சம் குறைஞ்சா தடுமாறும்" என்றார்.

கை கரைந்தால் உனக்கு ஆகுமா ஆகாதா? அதை மட்டும் எழுது. ஆகாது என்றால் நான் ஏன் வாங்க வேண்டும்? அப்படியே ஒரு சொல்லாவது எழுத்தில் சொல்லிக் கொடு. வருமா என்று பார்க்கிறேன்.

அண்ணி.


ஜூன் 24

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். போனில் சொன்னதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். அன்றைக்கு வேலை முடிகிறவரை அந்தப் போன் என் பையில்தான் இருந்தது. அதை நினைத்தால் பை சுடுகிறது.

கை கரைந்தால் ஆகுமா என்றால், பாதி ஆகும். எங்கள் பேச்சில் பெரிய அசைவு உண்டு, சின்ன அசைவு உண்டு. வா, போ, சாப்பாடு, மழை, சம்பளம் எல்லாம் பெரிய அசைவு. மங்கலாக இருந்தாலும் தெரியும். விரல் நுனியில் செய்கிறதெல்லாம் கிண்டல். அண்ணன் "மாமா வந்தார்" என்று தோளால் சொல்வார். அதே நேரத்தில் சுண்டுவிரல் மட்டும் தனியாக மாமாவின் தொப்பையைப் பற்றி ஏதோ சொல்லும். மலிவு டேப்லெட்டில் செய்தி வரும், கிண்டல் வராது. கிண்டல் இல்லாமல் அண்ணன் பேசியதே கிடையாது.

ஒரு சொல் கேட்டீர்கள். அண்ணன் என்றால் காது மடலை ஒரு இழுப்பு. அவர் காது பெரியது, அதனால்.

உங்களுக்கும் ஒரு பெயர் உண்டு. இரண்டு கையிலும் துணியின் முனையைப் பிடித்த மாதிரி விரித்து, ஒரு உதறு உதறி, மடித்து நெஞ்சில் சேர்ப்பது. அது நீங்கள். கொசு அடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு அடுப்புப் பக்கம் போவீர்களே, அப்போதெல்லாம் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்போம். "இன்னைக்கு அவ முகம் சரியில்லை, கூடத்தில ஏதோ சண்டை போலிருக்கு, நான் கேட்டா எரிஞ்சு விழுவா" என்பார். நான் "கேட்காதே, தேநீர் போட்டுக் கொடு" என்பேன். நீங்கள் குடித்த தேநீரில் பாதி நான் சொல்லிப் போட்டது.

இதையெல்லாம் எழுதினால் வளவளவென்று நீள்கிறது. கையில் ஒரு நொடி.

அண்ணி, எனக்கு மறக்க ஆரம்பித்துவிட்டது. சின்ன வயதில் பக்கத்து வீட்டில் ஒரு நொண்டி நாய் இருந்தது. அதற்கு ஒரு அசைவு வைத்திருந்தோம். நேற்று பூராவும் யோசித்தேன். கை வரவில்லை. கேட்பதற்கு ஆளும் இல்லை. அண்ணன் ஒருமுறை போனார். இப்போது கொஞ்சம் கொஞ்சமாக என் கையிலிருந்தும் போகிறார்.

அதனால் வாங்கிவிடுங்கள். டியூப்லைட் வேண்டாம். பகலில், ஜன்னல் பக்கம்.

வாயாடி.


ஜூலை 2

வாயாடிக்கு,

வாங்கிவிட்டேன். மறுபடி அதே கடை, அதே பையன். இந்த முறை எனக்குக் கேட்கத் தெரிந்திருந்தது. அவனை எதிரே நிற்க வைத்து, ஒவ்வொரு டேப்லெட்டாக எடுத்து அவன் பக்கம் திருப்பி, "சுண்டுவிரலை மட்டும் ஆட்டுப்பா. இப்ப எல்லா விரலையும்" என்றேன். பாவம், ஆட்டினான். கடையே வேடிக்கை பார்த்தது. ஒரு பெண்மணி தன் வீட்டுக்காரரிடம், "இது என்ன புது சோதனை? நீங்களும் ஆட்டிப் பாருங்க" என்று அவரைத் தள்ளிவிட்டாள்.

விலை கூடியதில் அவன் நகத்து அழுக்குகூடத் தெரிந்தது. அது நமக்கு எட்டாது. ஆரம்ப மாடலில் விரல் கரையத்தான் செய்தது. ஆனால் கடை வாசலுக்கு, வெயில் பக்கம் கொண்டுபோனால் கொஞ்சம் பிரிந்து தெரிந்தது. அதையே எடுத்தேன். "பிடிக்கலைன்னா ரெண்டு வாரத்துக்குள்ள பெட்டியோட கொண்டாங்க, கீறல் இல்லாம" என்றான். அதனால் மேலே ஒட்டியிருந்த தாளைக்கூட நான் கிழிக்கவில்லை.

டீச்சர்தான் எல்லாம் போட்டுக் கொடுத்தார். தன் வைஃபையையும் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன். உன் பெயருக்குப் பக்கத்தில் கேமரா படத்தைத் தொட வேண்டும், போன் படத்தைத் தொடக் கூடாது. டீச்சர் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

நேற்றிலிருந்து கூடத்தில் விரிப்பை உதறி மடித்து நெஞ்சில் சேர்க்கும்போதெல்லாம் யாரோ என்னைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

அண்ணி.


ஜூலை 7

அண்ணிக்கு,

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நீங்கள் எழுதுவதற்குள் நான் எழுதிவிடுகிறேன்.

முதலில் உங்கள் வீட்டு உத்தரத்தைப் பார்த்தேன். பிறகு உங்கள் நெற்றி. பிறகு நீங்கள் வாயை அகலத் திறந்து கத்துகிறீர்கள். என்னைப் பார்த்துக் கத்துகிறீர்கள்! அண்ணி, பெரிய திரை வாங்கினால் எனக்குக் காது வந்துவிடுமா? சிரித்து முடிக்கவே நேரமாகிவிட்டது.

பிறகு பேசினேன். என் கையைப் பார்க்க உங்களுக்கு ஆகவில்லை. ஒரு அசைவு போய்ச் சேர்வதற்குள் அங்கே படம் நின்றுவிடுகிறது என்று டீச்சர் எழுதி அனுப்பினார். நின்ற படத்தில் என் கை எங்கேயோ தொங்குகிறதாம். திரும்ப ஓடும்போது நான் நாலு வாக்கியம் தாண்டியிருக்கிறேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? தலையாட்டினீர்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள். அண்ணன் பல் விளக்க மறந்த கதைக்கும் அதே தலையாட்டல், எனக்கு ராத்திரியில் தூக்கமே இல்லை என்பதற்கும் அதே தலையாட்டல்.

புரியாமல் தலையாட்டுகிறவர்கள் என்னைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். கடைக்காரர், டாக்டர், சூப்பர்வைசர். வீட்டில் ஒருத்தர்தான் ஆட்டாமல் இருந்தார். "மறுபடி சொல்லு, புரியல" என்று என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துவார்.

எதுவாக இருந்தாலும் வாங்குங்கள் என்று நான்தான் எழுதினேன். தப்பு. அது உருப்படாத சாமான். திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நல்லது வாங்க வேண்டும் என்றும் நினைக்க வேண்டாம். அண்ணனோடு ஆரம்பித்தது அண்ணனோடு முடியட்டும். மறப்பதை மறந்துகொள்கிறேன். நாம் கடிதம் எழுதுவோம்.

வாயாடி.


ஜூலை 11

வாயாடிக்கு,

நீ சொன்னபடி பெட்டியில் வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பையன், "என்னக்கா குறை?" என்றான். சொன்னேன். மெதுவாகத் திறக்கிறது, படம் நிற்கிறது, விரல் மங்குகிறது, முதுகு சுடுகிறது. அவன் ஒவ்வொன்றுக்கும், "இந்த விலைக்கு அப்படித்தான்க்கா" என்றான். மாமியார் மாதிரி அலுக்காமல் ஒரே பதில்.

அவன் தாள் எழுதுகிற நேரத்தில், மேசையில் அந்த விலை கூடின டேப்லெட்டில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ இரண்டு பேர் கையால் வேகவேகமாக ஏதோ செய்கிறார்கள். சமையலோ தையலோ. ஒவ்வொரு விரலும் தெரிந்தது. கண் இமைக்காமல் பார்த்தேன். என்ன செய்கிறார்கள் என்று ஒன்றும் புரியவில்லை. அவ்வளவு தெளிவு, அவ்வளவு வேகம். அதில் நீ பேசினாலும் எனக்கு அப்படித்தான் இருக்கும். தெளிவாகத் தெரியும், புரியாது.

"எழுதாதப்பா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மேலே ஒட்டியிருந்த தாளைக் கிழித்துப் போட்டேன்.

கேள். இந்த டேப்லெட்டுக்கு நீ மெதுவாகச் சொல்ல வேண்டும். ஒரு சொல் சொல்லிவிட்டு நிற்க வேண்டும். எனக்கும் அப்படிச் சொன்னால்தான் ஏறும். நான் எழுத்துக்கூட்டிப் படித்தவள். இதுவும் நானும் ஒரே வகுப்பு. வேறு யாராவது கேட்டால் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். எனக்கு இது போதும்.

கிண்டல் வராது என்று எழுதினாய். வராவிட்டால் போகட்டும். முதலில் சம்பளம், மழை, சாப்பாடு. சுண்டுவிரலுக்கு ஒரு நாள் காசு சேர்ந்தால் பார்க்கலாம்.

இனி தலையாட்ட மாட்டேன். உன் மணிக்கட்டைப் பிடிக்க இங்கிருந்து கை எட்டாது. புரியாவிட்டால் என் உள்ளங்கையைத் திரை முழுக்க மறைத்துக் காட்டுகிறேன். நிறுத்திவிடு.

ஒரு சொல் வேண்டும். அண்ணன் தெரியும், காது மடல். இறந்துவிட்டார் என்பதற்கு என்ன? வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அன்றைக்கு உன் போனில் சொன்ன பிறகு இதுவரை நான் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. கூடத்தில் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள். கேட்பதற்கு ஒருவரும் மிச்சம் இல்லை. வாய் வரை வருகிறது, திரும்பிப் போய்விடுகிறது. அதனால்தானோ என்னவோ வீட்டுக்குள் உட்காராமல் நடக்கிற இந்த நடையும் நிற்கவில்லை.

அண்ணி.


ஜூலை 16

அண்ணிக்கு,

உருப்படாத சாமான்கள் இரண்டும் ஒரே வீட்டில் இருக்கட்டும் என்று முடிவு பண்ணிவிட்டீர்கள். சரி.

நீங்கள் கேட்ட சொல் எங்கள் பேச்சில் இல்லை.

அம்மா இறந்தபோது அண்ணன் என் விடுதிக்கு வந்தார். எதிரே நின்றார். கையை எடுக்கவே இல்லை. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அம்மாவைப் பற்றிப் பேசும்போது அம்மா என்று காட்டிவிட்டு ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொள்வோம். அந்தச் சொல்லை நாங்கள் செய்துகொள்ளவே இல்லை. வேண்டாம் என்று இருந்துவிட்டோம்.

இப்போது வேண்டும். ஆனால் தனியாகச் செய்ய முடியாது. ஒருத்தி செய்தால் அது வெறும் அசைவு. இரண்டு பேர் ஒத்துக்கொண்டால்தான் சொல்.

ஞாயிறு காலை டேப்லெட்டுக்கு வாருங்கள். ஜன்னல் பக்கம் உட்காருங்கள். உட்காருங்கள் என்றால் உட்கார வேண்டும், நடக்கக் கூடாது.

வாயாடி.


ஜூலை 20

வாயாடிக்கு,

காலையில் நடந்ததை எனக்காக எழுதி வைத்துக்கொள்கிறேன். உனக்கும் அனுப்புகிறேன்.

நீ அண்ணன் என்று காட்டினாய். புரிந்தது. பிறகு உன் வலது கை நெஞ்சுக்கு மேலே போனது. போய் நின்றுவிட்டது. விரலெல்லாம் விரிந்து, அப்படியே. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சனியனே, இப்பவா நிக்கணும்?" என்று டேப்லெட்டின் முதுகில் தட்டினேன். இன்னும் ஒரு தட்டு. நகரவில்லை. திருப்பிக் கொடுத்திருக்கலாமோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

அப்புறம்தான் பார்த்தேன். உனக்குப் பின்னால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. உன் காதோர முடி ஆடியது. டேப்லெட் நிற்கவில்லை, வாயாடி. நின்றது நீதான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் எழுந்து நடக்கவில்லை. உன் கை நின்ற உயரத்துக்கு என் கையைக் கொண்டுபோனேன். அங்கிருந்து மெதுவாக இறக்கினேன். மடி வரைக்கும் இறக்கி, உள்ளங்கை மேலே பார்க்க விட்டுவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. கை கனத்தது, இறங்கிவிட்டது. அவ்வளவு மெதுவாக இறக்கினதால் ஒரு விரலும் மங்கவில்லை. கீழே மூலையில் என் படம் சின்னதாகத் தெரியுமே, அதில் பார்த்தேன்.

நீ தலையாட்டவில்லை. மறுபடி என்று காட்டினாய். மறுபடி செய்தேன். பிறகு நீ செய்தாய். பிறகு இரண்டு பேரும் ஒன்றாகச் செய்தோம். சொல்லிவிட்டேன். உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தது, உனக்கே சொன்னேன். நீ கேட்டுக்கொண்டாய்.

அதற்குப் பிறகு நீ அழுதது எனக்குச் சரியாகத் தெரியவில்லை, படம் அப்போது உண்மையாகவே நின்றுவிட்டது. நான் அழுதது உனக்குத் தெரிந்ததா என்று தெரியாது. திரை கறுத்த பிறகும் ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தேன். டீச்சர் மேலேயிருந்து இறங்கி வந்து, "என்னம்மா, இன்னைக்கு உங்க நடைச் சத்தமே காணோம்" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு சந்தேகம். நீ செய்தபோது கடைசியில் விரல்கள் கொஞ்சம் உள்ளே மடங்கின. என்னுடையதில் மடங்கவில்லை. எது சரி? எழுதாதே, கடிதம் வர நாளாகும். இது கிடைத்த மறுநாள் காலையில், நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் கூப்பிட்டுக் காட்டு.

அண்ணி.